ஓர் ஆணியில் ஓராண்டு: சிறு கடைக்காரர்களுக்கான காலண்டர் விளம்பர வழிகாட்டி

மார்கழி பிறந்துவிட்டால், மளிகைக் கடையில் பருப்பும் எண்ணெயும் கேட்கும் அதே மூச்சில், "அண்ணாச்சி, காலண்டர் வந்துருச்சா?" என்ற கேள்வியும் வந்துவிடும். ஒரு கடையின் விளம்பரத்தை வாடிக்கையாளரே வாய்விட்டுக் கேட்டு வாங்கி, மடங்காமல் வீட்டுக்குக் கொண்டுபோய், தம் கையாலேயே சுவரில் மாட்டி, ஓராண்டு முழுவதும் நாள்தோறும் தொட்டுக் கிழிக்கிறார். கைப்பேசித் திரையில் வரும் விளம்பரத்துக்கு இப்படி ஒரு வரவேற்பு கிடைத்து நான் பார்த்ததில்லை. ஊரில் ஏறக்குறைய எல்லோர் கையிலும் கைப்பேசி வந்துவிட்ட பிறகும், தேதியும் நல்ல நேரமும் அதிலேயே கிடைக்கும் என்றான பிறகும், அந்தக் கேள்வி நிற்கவில்லை.

பல ஆண்டுகளாகக் கடைக்காரர்களுக்குக் காலண்டர் ஆர்டர் எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். 200 முதல் 1000 காலண்டர் வரை அடிக்கும் மளிகைக் கடை, மருந்துக் கடை, ஜவுளிக் கடை, பாத்திரக் கடைக்காரர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். சொல்ல வருவது ஒன்றுதான்: கையில் கொடுக்கும் விளம்பரத்தில் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் வாங்குகிறவரின் கைக்கும் கண்ணுக்கும் பயன்படுவதில் போக வேண்டும். கடையின் பெயரைப் பெரிதாக்குவதில் போகும் பணம் அவருக்கு உதவுவதில்லை, ஆகவே கடைக்கும் உதவுவதில்லை.

தொடுவதனால் என்ன ஆகிறது

ஒரு பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தவருக்கு அது தமதே என்ற எண்ணம் மெல்ல உண்டாகிறது. ஜோன் பெக், சூசன் ஷூ என்னும் இரண்டு ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. பொருளை வெறுமனே தொட்டுப் பார்ப்பதே உரிமையுணர்வைக் கூட்டுகிறது, தொடுவதற்கு இதமாகவோ குறைந்தபட்சம் உறுத்தாமலோ இருந்தால் அதன் மதிப்பும் கூடுகிறது என்று அவர்கள் கண்டார்கள். அதற்கு முன்பே, 1990-இல், டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் என்னும் ஆய்வாளர்கள் மாணவர்களிடம் காப்பிக் குவளைகளைக் கொடுத்துச் சோதித்தபோது, குவளை கையில் இருந்தவர்கள் அதை விற்கக் கேட்ட விலை, குவளை இல்லாதவர்கள் வாங்கக் கொடுக்க முன்வந்த விலையைப்போல இரு மடங்குக்கும் மேலாக இருந்தது. இவற்றோடு, ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதனாலேயே அதன்மேல் ஒரு பிடிப்பு உண்டாகிறது என்று உளவியலாளர் ராபர்ட் ஜயான்ஸ் 1968-இல் எழுதியதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

தினசரி காலண்டரில் இவை எல்லாம் ஒன்றுகூடுகின்றன. அது கையில் வந்து சேர்கிறது, சுவரில் இடம் பிடிக்கிறது, காலையில் எழுந்தவுடன் யாராவது ஒருவர் அதன் முன்னால் நின்று நேற்றைய தாளைக் கிழிக்கிறார். கிழிக்கும் உரிமைக்காகப் பிள்ளைகள் சண்டை போட்ட வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. திங்கள்கிழமை ராகு காலம் காலை 7.30 முதல் 9 வரை என்பது என்றும் மாறாதது, அது பலருக்கு மனப்பாடம். ஆனால் திதியும் நட்சத்திரமும் சந்திராஷ்டமமும் ஒவ்வொரு நாளும் மாறுகின்றன என்பதால் தாளைப் பார்த்தே ஆக வேண்டியிருக்கிறது. இந்தத் தேவைதான் உங்கள் கடைப் பெயரைச் சுமந்துகொண்டு போகிறது. தேவை இல்லாத இடத்தில் எவ்வளவு அழகான அட்டையைக் கொடுத்தாலும் அது அலமாரியின் அடியில் விரிக்கத்தான் பயன்படும்.

முதலில் ஆணியை எண்ணுங்கள்

ஆர்டர் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வாடிக்கையாளர் வீடுகளில் ஐந்தாறு வீடுகளுக்கு ஏதேனும் ஒரு காரணத்தோடு போக நேரும்போது, காலண்டர் மாட்ட எத்தனை ஆணி இருக்கிறது, அவற்றில் எந்தக் கடையின் காலண்டர் தொங்குகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் கூடத்தில் ஒன்றும் அடுக்களையில் ஒன்றும் இருக்கும். வாடகை வீடுகளில் சுவரில் ஆணி அடிக்க உரிமையாளர் விடமாட்டார் என்பதால் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அந்த ஓர் ஆணிக்கு நகைக் கடையும் வங்கியும் மருந்துக் கடையும் நீங்களும் போட்டியிடுகிறீர்கள். முதலில் வந்தது மாட்டப்படும், பிறகு வந்தவற்றில் மிக நன்றாக இருப்பது மட்டுமே அதை இறக்கிவிட்டு ஏறும். ஆகவே தரமும் நாளும் இரண்டும் முக்கியம் என்பதை இந்த ஆணிக் கணக்கே சொல்லிவிடும்.

கூடத்து ஆணியைப் பெரிய நகைக் கடைகளே பிடித்துவிட்ட ஊராக இருந்தால் அடுக்களையைக் குறிவையுங்கள். அடுக்களைக்குச் சிறிய அளவு தினசரி காலண்டரும், பால் கணக்கும் எரிவாயு உருளை வந்த தேதியும் எழுதிவைக்கப் போதிய கட்டம் உள்ள மாத காலண்டரும் நன்றாகப் போகும். எழுத இடமுள்ள மாத காலண்டரின் மதிப்பைப் பலரும் உணர்வதில்லை. வீட்டுக்காரம்மா தம் கையெழுத்தில் எழுதத் தொடங்கிவிட்ட காலண்டரை, அதைவிட அழகான ஒன்று வந்தாலும், அந்த ஆண்டு முடியும்வரை எவரும் கழற்றுவதில்லை. அதற்குப் பளபளப்பில்லாத தாள் வேண்டும், பேனா மை வழுக்காமல் நிற்க வேண்டும்; ஆர்டர் கொடுக்கும்போது மாதிரித் தாளில் நீங்களே நான்கு வரி எழுதி, விரலால் தேய்த்துப் பாருங்கள்.

எப்போது, எங்கே, எப்படி ஆர்டர் கொடுப்பது

தமிழ்நாட்டில் காலண்டர் என்றால் சிவகாசிதான். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் ஒட்ட வேண்டிய தேவையிலிருந்து அங்கே அச்சுத் தொழில் வளர்ந்து, பிறகு காலண்டரும் நாட்குறிப்பும் அழைப்பிதழும் அடிக்கும் ஊராகியது. அடுத்த ஆண்டுக்கான மாதிரிகள் அடங்கிய ஆல்பத்தை ஆடிப்பெருக்கு நாளில் பூஜை போட்டு வெளியிடுவது அங்குள்ள வழக்கம். ஆல்பம் வந்த கையோடு ஆர்டர் கொடுப்பவருக்கே விரும்பிய படமும் நிதானமான வேலையும் கிடைக்கும். தீபாவளி கழிந்து கொடுத்தால், இருப்பில் உள்ள படம்தான், அவசர வேலைதான். ஓர் ஆண்டு நான் எடுத்துக் கொடுத்த ஆர்டர் ஒன்று அச்சகத்தில் தாமதமாகி ஜனவரி இரண்டாம் வாரம் வந்து சேர்ந்தது. அச்சு மிக நேர்த்தியாக இருந்தும், அவற்றில் பாதிக்கு மேல் பொங்கலுக்குப் பிறகும் கடையிலேயே கிடந்தன. ஆணிகள் நிரம்பிவிட்டிருந்தன. அன்றிலிருந்து, டிசம்பர் 10-ஆம் தேதிக்குள் சரக்கு கடைக்கு வர வேண்டும் என்பதை ஆர்டர் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்கிறேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

ஆல்பத்தை உட்கார்ந்த இடத்தில் புரட்டி முடிவு செய்யாதீர்கள். பிடித்த மாதிரியைச் சுவரில் சாய்த்துவைத்து ஆறடி தள்ளி நின்று பாருங்கள், தேதி தெரிய வேண்டும். பிறகு கையில் எடுத்து அட்டையின் மூலையை லேசாக வளைத்துப் பாருங்கள். உடனே மடிந்து கோடு விழுந்தால் அது ஆண்டுக் கடைசிவரை நிற்காது. தாள் கட்டிலிருந்து பத்துத் தாளை ஒவ்வொன்றாகக் கிழித்துப் பார்க்கக் கேளுங்கள். ஒரே இழுப்பில் சுத்தமாக வர வேண்டும், மேலே பிசிறு நிற்கக் கூடாது, அடுத்த தாளும் சேர்ந்து வரக் கூடாது, கட்டு ஆடவும் கூடாது. ஆண்டுக்கு 365 முறை ஒரு வீட்டார் செய்யப்போகும் செயல் இது. ஒவ்வொரு காலையும் பிசிறு விட்டால், அந்தச் சிறு எரிச்சல் உங்கள் கடைப் பெயரின் மேல்தான் போய் விழும். படத்தில் தங்க நிற ஃபாயில் வேண்டுமா என்று தயங்கும் கடைக்காரர்களிடம், அந்தப் பணத்தைத் தடித்த அட்டைக்கும் நல்ல தாளுக்கும் கொடுங்கள் என்றுதான் சொல்வேன்.

தாளில் உள்ள விவரம் எந்தப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றியது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய வாய்பாட்டுக் கணக்கான வாக்கியப் பஞ்சாங்கமும், இன்றைய வானியல் கணக்கைத் தழுவிய திருக்கணிதப் பஞ்சாங்கமும் சில நாட்களில் வேறுபடும். திருக்கணிதப்படி 2025 மார்ச் 29 அன்று சனிப்பெயர்ச்சி என்று எங்கும் பேசப்பட்டபோது, வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றும் திருநள்ளாறு கோயில், தங்கள் கணக்கில் அது 2026-இல்தான் என்று அறிவித்தது. உங்கள் ஊர்க் கோயிலில் எது வழக்கமோ அதைத் தழுவிய தாளையே கேளுங்கள். முஸ்லிம் வாடிக்கையாளர்களுக்குத் தொழுகை நேரமும் பிறைத் தேதியும் உள்ள காலண்டர், கிறித்தவ வாடிக்கையாளர்களுக்கு விவிலிய வசனம் உள்ள காலண்டர் என்று தனித்தனியாகவே கிடைக்கின்றன. எல்லோருக்கும் ஒன்றையே கொடுத்துவிட்டு, அதில் பாதிப் பேருக்குப் பயன்படாது என்று தெரிந்தும் இருப்பது பணத்துக்கும் நட்டம், மரியாதையும் ஆகாது.

படம், பெயர், எண்

சாமி படம் போட்ட காலண்டரை ஆண்டு முடிந்த பின்னும் பலர் தூக்கி எறிய மனம் வராமல், படத்தை மட்டும் வெட்டிச் சட்டம் போட்டு மாட்டுவார்கள். ஓவியர் கோவில்பட்டி சி. கொண்டையராஜு 1976-இல் மறைந்தவர். நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை வரைந்த கை அது. அவரும் அவர் சீடர்களும் தீட்டிய தெய்வப் படங்கள் சிவகாசியில் அச்சாகி, காலண்டர் வழியாகவே எத்தனையோ வீடுகளின் பூஜை அறைக்குள் போயின. அந்தப் படங்களுக்குக் கீழே ஏதோ ஒரு கடையின் பெயர் அடக்கமாக ஒரு பட்டையில் இருந்தது, அதனால்தான் அவை பூஜை அறைவரை போக முடிந்தது என்று நான் நினைக்கிறேன். உரிமையாளரின் முகத்தைத் தெய்வத்தின் பக்கத்தில் போடும் வழக்கம் இப்போது பெருகிவருகிறது. வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். அந்த முகம் இருக்கும் காலண்டர் கூடத்து ஆணிக்குக்கூட வராது.

தலைவர்களின் படம் போட விரும்புகிறவர்கள் ஒரு சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். சின்னங்களையும் பெயர்களையும் முறையின்றிப் பயன்படுத்துவதைத் தடுக்கும் 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில், மகாத்மா காந்தி, நேரு, இந்திரா காந்தி, சத்ரபதி சிவாஜி, பிரதமர் ஆகியோரின் படங்களை வணிகத்துக்குப் பயன்படுத்துவது தடுக்கப்பட்டிருக்கிறது. காலண்டருக்கு அதில் ஒரு விலக்கு உண்டு, ஆனால் தயாரித்தவர் பெயரும் அச்சிட்டவர் பெயரும் மட்டும் இருந்து, பொருள்களை விளம்பரப்படுத்தாத காலண்டருக்கே அந்த விலக்கு. காந்தி படத்தின் கீழ் உங்கள் கடைப் பெயரையும் சரக்குப் பட்டியலையும் போட்டால் அது விலக்குக்குள் வராது. இணையத்தில் கண்ணில் பட்ட ஓவியத்தை எடுத்து அச்சுக்குக் கொடுப்பதும் கூடாது. ஆல்பத்தில் உள்ள படம், அல்லது நீங்களே ஆள் வைத்து எடுத்த புகைப்படம், இந்த இரண்டே போதும்.

உங்கள் கடைக்கான பட்டையில் கடைப் பெயர், எந்த இடத்தில் இருக்கிறது என்று ஊரார் சொல்லும் அடையாளம், கைப்பேசி எண், திறக்கும் நேரம், விடுமுறை நாள் ஆகியவை போதும். இவற்றில் எண்தான் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் சமைத்துக்கொண்டே, மூக்குக் கண்ணாடி இல்லாமல், தள்ளி நின்று பார்த்து அழைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த எண்ணை ஆண்டு முழுவதும் மாற்றாமல் வைத்திருக்க முடியுமா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். திரையில் இருப்பதை நொடியில் திருத்தலாம், 500 வீட்டுச் சுவரில் இருப்பதைத் திருத்த முடியாது. க்யூஆர் குறி போடுவதானால் 3 சென்டிமீட்டருக்குக் குறையாமல், வெள்ளைப் பின்னணியில், ஃபாயிலும் பளபளப்பும் இல்லாத இடத்தில் போடுங்கள். அதை வாட்ஸ்அப் எண்ணுக்கு நேராக இணைத்துவிட்டால், வாடிக்கையாளர் வீட்டிலிருந்தே மாதச் சாமான் பட்டியலைப் படம் எடுத்து அனுப்பிவிடுவார். சுவரும் கைப்பேசியும் ஒன்றுக்கொன்று உதவும் இடம் இதுதான்.

மெய்ப்பு பார்ப்பதை, அதாவது அச்சுக்கு முன் பிழை திருத்துவதை, மகனிடமோ கடைப் பையனிடமோ விட்டுவிடாதீர்கள். நீங்கள் கைப்பேசியில் தட்டச்சு செய்து அனுப்பும் ஒருங்குறித் (யூனிகோட்) தமிழை, அச்சகத்தில் பழைய குறியாக்க எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறிவிடுவது உண்டு. "பொன்னி" என்பது வேறு ஏதோவாக வந்து நிற்கும். மெய்ப்பைக் காகிதத்தில் எடுத்து, ஒருவர் வாய்விட்டு எழுத்தெழுத்தாகப் படிக்க, இன்னொருவர் மூலத்தோடு ஒப்பிட வேண்டும். எண்ணை மட்டும் மெய்ப்பைப் பார்த்து அழைத்தே சரிபாருங்கள். கடையின் சின்னத்தையோ புகைப்படத்தையோ வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கி மங்கிவிடும், ஆவணமாக அனுப்புங்கள். திரையில் பார்க்கும் நிறம் தாளில் அப்படியே வராது என்பதால், அச்சுக்கு ஒப்புதல் தருமுன் தாளில் எடுத்த மாதிரியையும் கேட்டுப் பார்த்துவிடுங்கள்.

செலவும் எண்ணிக்கையும்

உங்களுக்குச் சொல்லப்பட்ட விலை ஒரு காலண்டருக்கு 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மாட்டப்படும் ஒரு காலண்டருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 16 பைசா ஆகிறது. மாட்டப்படாத காலண்டருக்கு அந்த 60 ரூபாயும் அப்படியே நட்டம். எனவே 500 மலிவுக் காலண்டரைவிட 300 நல்ல காலண்டர் மேல். கடன் நோட்டையும் ரசீதுப் புத்தகத்தையும் வைத்து, மாதம் தவறாமல் வரும் குடும்பங்களின் பட்டியலைக் கையால் எழுதுங்கள். அந்தப் பட்டியலின் எண்ணிக்கையோடு பத்தில் ஒரு பங்கு கூட்டினால் உங்கள் ஆர்டர் கிடைத்துவிடும். வழிப்போக்கர்களுக்குக் கொடுக்க, அச்சிட்ட மஞ்சப்பை பொருத்தமானது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பைகளுக்குத் தடை வந்ததும், 2021 டிசம்பரில் "மீண்டும் மஞ்சப்பை" இயக்கம் தொடங்கியதும் துணிப்பைக்குப் பழைய மதிப்பைக் கொண்டுவந்திருக்கின்றன. நல்ல துணியில், உறுதியான கைப்பிடியோடு தைத்த பை உங்கள் பெயரோடு சந்தைக்கும் கல்யாண வீட்டுக்கும் போய் வரும்.

கொடுக்கும் விதம்

இவ்வளவு பாடுபட்டு வரவழைத்த காலண்டரைக் கல்லாவின் ஓரத்தில் அடுக்கி, "எடுத்துக்கங்க" என்று கையைக் காட்டினால், அதுவரை செய்தது பாதி வீணாகிவிடும். பட்டியலில் உள்ள பெயரை உறையின் மேல் பேனாவால் எழுதிவையுங்கள். உரிமையாளரோ அவர் வீட்டாரோ எழுந்து நின்று, இரண்டு கையாலும் கொடுத்து, "அக்கா, இது உங்களுக்குன்னு எடுத்து வெச்சது, வீட்டுல மாட்டுங்க" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கல்யாணப் பத்திரிகையின் மூலையில் மஞ்சள் தடவி, தாம்பாளத்தில் வைத்து நேரில் கொடுப்பதை நாம் இன்னும் விடவில்லை. வாட்ஸ்அப்பில் பத்திரிகையை மட்டும் அனுப்பினால் "நேர்ல வந்து கூப்பிடல" என்று மனத்தாங்கல் கொள்ளும் சொந்தங்கள் எல்லோர் குடும்பத்திலும் உண்டு. கையிலிருந்து கைக்குப் போவதில் உள்ள அந்த மரியாதை காலண்டருக்கும் பொருந்தும். நடமாட முடியாத பெரியவர்களுக்குச் சாமான் கொண்டுபோய்ப் போடும் தம்பியிடமே கொடுத்தனுப்பி, மாட்டிவிட்டு வரச் சொல்லுங்கள். ஆணி இல்லையென்றால் இரண்டு ஆணியும் கையோடு கொண்டுபோகட்டும்.

பலன் கிடைத்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது

திரை விளம்பரத்தில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண் உடனே வந்துவிடுகிறது, காலண்டரில் அது தெரியாதே என்று இளைஞர்கள் என்னிடம் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இதற்கு நான் கண்ட எளிய வழி, கொடுக்கும் முன்பே ஒவ்வொரு காலண்டரிலும் ஆடிப்பெருக்கு நாளின் தாளைத் தேடி எடுத்து, அதன் ஓரத்தில் கடையின் ரப்பர் முத்திரையைக் குத்திவிடுவது. "இந்தத் தாளைக் கொண்டுவருவோருக்கு அரைக் கிலோ வெல்லம்" என்பதுபோல ஏதேனும் ஒன்றை முத்திரையிலேயே செதுக்கிக்கொள்ளலாம். 300 காலண்டருக்கு இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒரு மாலை நேர வேலை. பேனா எழுத்தும் ரப்பர் முத்திரையும் அச்சைவிட மனிதக் கையைக் காட்டுவதால், அதற்குத் தனி மதிப்பும் உண்டு. முத்திரை மை அடுத்த தாளுக்கு ஊறாமல் இருக்க, இடையில் ஒரு துண்டுக் காகிதம் வைத்துக் குத்துங்கள்.

அந்த நாள் வரும்போது எத்தனை தாள் திரும்பி வருகிறது என்று எண்ணுங்கள். ஆண்டின் ஏழு மாதம் கழிந்த பின்னும் அத்தனை வீடுகளில் உங்கள் காலண்டர் நாள் தவறாமல் கிழிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். வந்தவர்களின் பெயரைப் பட்டியலில் குறித்துவிட்டு, வராதவர்களில் பழக்கமான நான்கைந்து பேரிடம் காலண்டர் எங்கே மாட்டியிருக்கிறது, எது பிடிக்கவில்லை என்று தயங்காமல் கேளுங்கள். தாள் கிழியவில்லை, எழுத்து சிறிது, ஆணி இல்லை என்று உண்மையைச் சொல்வார்கள். அந்தக் குறிப்புகளை எழுதிய நோட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சிவகாசியில் அதே நாளில் அடுத்த ஆண்டின் ஆல்பம் வெளிவந்திருக்கும்.